பெரணி நடுமுன் மண்ணைக் கிளறிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பாதை ஓரங்களில் மண் அரிப்பைத் தடுக்கப் பெரணிச் செடிகளை நடலாம் என்று யோசனை கூறும் வாசகர் கடிதம் ஒன்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியாகியிருந்தது. அதன் நோக்கத்தோடு எனக்குச் சிறிதும் மாறுபாடில்லை. ஆனால் "பெரணி எந்த மண்ணிலும் வரும், காட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்" என்ற பொருளில் அன்பர் எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ள, நீலகிரியில் நெடுங்காலம் தாவரவியல் கற்பித்த எனக்கு இயலவில்லை. பெரணி தானே பரவும் என்பது உண்மை. எந்தப் பெரணி, எந்த உறுப்பைக் கொண்டு, எவ்வளவு தூரம் பரவும் என்பதைப் பெரும்பாலும் அதன் காலடியில் கிடக்கும் மண்தான் முடிவு செய்கிறது. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருப்பதால், கடிதம் நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் பயணம் செய்தவர்கள், மலையை வெட்டிய செம்மண் சுவர்களில் கவைக்கோல் போல இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும் ஒரு பெரணியைப் பார்த்திருப்பார்கள். டிக்ரனாப்டெரிஸ் லீனியாரிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். ஒரு சுவரில் ஆயிரம் செடிகள் நிற்பது போலத் தோன்றும். மழை ஓய்ந்த ஒரு நாளில் மேல்மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தால், கம்பி போன்ற மெல்லிய மட்டநிலத்தண்டு ஒன்று கிளைத்துக் கிளைத்து ஓடியிருப்பதும், நாம் தனித்தனிச் செடி என்று எண்ணியவை அதிலிருந்து எழுந்த இலைகளே என்பதும் தெரியும். இலையின் ஒவ்வொரு கவட்டிலும் ஒரு மொட்டு உறங்கிக் கிடக்கும். அது விழித்தால் இலை மேலும் ஒரு சுற்று நீளும். இவ்வாறு ஒரு பரப்பு முழுவதும் ஒரே தாயின் உடலாகவோ, சில தாய்களின் உடலாகவோ இருக்கக்கூடும். இதைத்தான் உடல இனப்பெருக்கம் என்கிறோம். இஞ்சியும் மஞ்சளும் இந்த வழியில்தான் பெருகுகின்றன.

இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. பெரணி, விதைக்குப் பதிலாக, ஸ்போர் எனும் நுண்துகள்களால் பாலிலா இனப்பெருக்கம் செய்கிறது என்று பள்ளிகளில் படித்திருப்போம். பாலணுக்கள் இணையாமல் ஸ்போர் உண்டாவதால் அப்படிச் சொல்வது வழக்கம், தவறும் அல்ல. எனினும் இலையின் அடியில் பழுப்புப் பொட்டுகளாகத் தெரியும் சோரஸ்களில் உருவாகும் ஸ்போர், குன்றல் பகுப்பின் வழியே, தாயின் குரோமோசோம்களில் பாதியை மட்டும் பெற்று வெளியேறுகிறது. அது முளைத்து, விரல் நகத்தைவிடச் சிறிய, பெரும்பாலும் ஒற்றைச் செல் கனமே உள்ள, இதய வடிவப் புரோதாலஸாகி, அதில் ஆண், பெண் பாலணுக்கள் தோன்றி, ஆணணு ஈரப் படலத்தில் நீந்திச் சென்று இணைந்த பிறகே நாம் காணும் பெரணி பிறக்கிறது. ஆகவே ஸ்போரிலிருந்து வரும் பெரணி பொதுவாகத் தாயின் நகல் அன்று. மட்டநிலத்தண்டு, ஓடுதண்டு, இலை நுனி, இலைமேல் தோன்றும் குமிழ்மொட்டு, வேர்மொட்டு ஆகியவற்றால் பிறப்பதே நகல். மண்வாகு இந்த இரண்டு வழிகளையும் வெவ்வேறு விதமாக நடத்துகிறது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

நீலகிரியின் பெரும்பகுதி சரளை மண் எனப்படும் லேட்டரைட். சார்னோகைட் பாறை மிக நெடுங்கால மழையில் சிதைந்து, சுண்ணாம்பு, பொட்டாஷ் போன்ற சத்துகள் கரைந்தோடி, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிஞ்சிய செங்களி அது. அமிலத்தன்மை மிகுந்தது. தேயிலைக்கு அது ஒத்துப்போகிறது, உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் சுண்ணாம்பு இட வேண்டியிருக்கிறது. இந்த அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளை முடக்குகிறது. பாஸ்பரஸ் இருந்தும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்துகொண்டு செடிக்குக் கிட்டாமல் போகிறது. ஒரு புரோதாலஸை இப்படிப்பட்ட மண்ணில் எண்ணிப் பாருங்கள். அதற்குத் துணை யாரும் இல்லை. கையிருப்பு என்று சொல்ல ஸ்போரில் இருந்த துளி உணவு மட்டுமே. நான்கு நாள் வெயில் அடித்தால் முடிந்தது. அதே மண்ணுக்குள் ஊர்ந்து செல்லும் மட்டநிலத்தண்டின் நுனிக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால், சற்று வளமான இடத்தில் நிற்கும் தாயிடமிருந்து நீரும் உணவும் வந்துகொண்டே இருக்கும். கட்டுச்சோறோடு புறப்பட்டவனும் வெறுங்கையோடு புறப்பட்டவனும் ஒரே பாலையைக் கடப்பது போன்ற வேறுபாடு இது. சத்தற்ற மண்ணில் உடல இனப்பெருக்கம் மேலோங்குவதற்கு முதன்மையான காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன். டிக்ரனாப்டெரிஸ் அலுமினியத்தைத் தாங்கும் இயல்பும் உடையது என்பதால் அதற்கு இரட்டை ஆதாயம்.

ஆனால் அதே செங்களி வேறொரு நேரத்தில் ஸ்போருக்கும் வாசல் திறக்கிறது. சாலைக்காக மலையை வெட்டியவுடன் கிடைக்கும் வெறும் மண், சருகு மூடாமலும் புல் போட்டியிடாமலும் ஈரமாக இருக்கிறது. காற்றில் வரும் ஸ்போர் முளைக்க அதைவிடத் தோதான இடம் அரிது. வெட்டிய சுவர்களில் முதல் மழைக்காலத்திலேயே பச்சை வில்லைகளாகப் புரோதாலஸ்களைப் பார்க்கலாம். சோலைக்காட்டின் உள்ளே இதற்கு நேர்மாறான நிலை. அங்கே மண் கரிய, மிருதுவான, மட்கு நிறைந்த மண். வளத்துக்குக் குறைவில்லை. இருந்தும் கனமான சருகுப் போர்வையின் அடியில் ஒளி கிடைக்காமல் ஸ்போர்கள் முளைக்க முடிவதில்லை. ஓடைக்கரை, விழுந்த மரம், பாறை இடுக்கு போன்ற இடங்களில்தான் அவற்றுக்கு வழி கிடைக்கிறது. சருகுக்கும் மண்ணுக்கும் இடையே ஓடும் மட்டநிலத்தண்டுகளுக்கோ அந்தப் போர்வையே ஈரம் காக்கும் கூரையாகிவிடுகிறது. ஆக, வளமற்ற மண்ணில் ஒரு காரணத்தாலும், வளமான மண்ணில் வேறொரு காரணத்தாலும் பெரணிகள் உடல இனப்பெருக்கத்தை நாடுகின்றன. "ஏழை மண்ணில் மட்டும்தான் இப்படி" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாமைக்கு இதுவே காரணம். வகுப்பில் இதைச் சொன்னபோது, "தேர்வில் எதை எழுத வேண்டும், ஐயா?" என்று மாணவர்கள் கேட்டது நினைவுக்கு வருகிறது.

இனி, "ஒரு துண்டு வைத்தால் போதும்" என்ற கூற்றுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பள்ளித் தோட்டத்தின் சரிவில் நானே அதைச் செய்து தோற்றேன். சாலையோரத்தில் வெட்டிப் போட்டிருந்த டிக்ரனாப்டெரிஸ் தண்டுகளைச் சாண் அளவுத் துண்டுகளாக்கி, அன்போடு தொழுவுரம் கலந்த மண்ணில் புதைத்தோம். ஒன்றுகூடத் தழைக்கவில்லை. அந்தப் பெரணியின் வேர்கள் மெல்லியவை, மேல்மண்ணோடும் அதில் வாழும் வேர்ப்பூஞ்சைகளோடும் ஒட்டி வாழ்பவை. பிடுங்கும்போதே பாதி அறுந்துவிடும். அதைப் பெயர்த்து நட விரும்பினால், தண்டும் வேரும் மண்ணும் கலையாமல் புல்பற்றை வெட்டுவது போலப் பாளமாக எடுக்க வேண்டும், எடுத்ததை உரமற்ற அமில மண்ணிலேயே வைக்க வேண்டும். அப்படி வைத்தும் சில பாளங்கள் கருகிப் போவதுண்டு. காட்டிலிருந்து எடுக்க அனுமதி வேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரானது, பூங்கொத்துகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் நாம் காணும் நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா. இதன் அடியிலிருந்து நூல் போன்ற ஓடுதண்டுகள் எல்லாப் பக்கமும் புறப்பட்டு, ஈரம் தொடும் இடத்தில் புதுச் செடியை எழுப்புகின்றன. சுண்டைக்காய் அளவில் செதில் போர்த்திய உருண்டைக் கிழங்குகளையும் சில தண்டுகளில் காணலாம். அவை நீரைச் சேமித்து வைப்பவை, பிரிந்து விழுந்தாலும் முளைக்கக் கூடியவை. ஒருமுறை ஒரே தாய்ச்செடியிலிருந்து பிரித்த கன்றுகளை மூன்று மரப்பெட்டிகளில் வைத்துப் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து அடிமண்ணான செங்களி ஒன்றில், வேலியோரத்து இலைமட்கு ஒன்றில், ஆற்று மணலும் செங்கல் பொடியும் கலந்தது ஒன்றில். இலைமட்கில் ஓடுதண்டுகள் ஒரு பருவத்திலேயே பெட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கின. மணல் பெட்டியில் இலைகள் குட்டையாக இருந்தாலும் தண்டுகள் தாராளமாக ஓடின. செங்களியில் தாய்ச்செடி உயிரோடு இருந்ததே தவிர, தண்டுகள் இறுகிய மேற்பரப்பின் மீது ஊன்ற இடம் தேடி அலைந்து நுனி காய்ந்தன. அந்தக் களியின் மேல் ஒரு விரற்கடை மட்கைத் தூவிய பிறகு அவையும் வேர்விட்டன. இது ஆய்வு அல்ல, ஓர் ஆசிரியரின் பொழுதுபோக்கு. ஆயினும் ஓடுதண்டுப் பெரணிக்கு மண்ணின் சத்தைவிட மேற்பரப்பின் இளக்கமும் காற்றோட்டமும் முக்கியம் என்பதை எனக்கு அது காட்டியது.

இளக்கம் இன்னும் கண்டிப்பாகத் தேவைப்படுவது நடக்கும் பெரணிகளுக்கு. பர்லியாறு போன்ற தாழ்வான பகுதிகளில் வளரும் அடியாண்டம் காடேட்டத்தின் இலையின் மைய அச்சு, நுனியில் வால் போல நீண்டு, வளைந்து தரையைத் தொடும். தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச் செடியாகும். அங்கிருந்து அடுத்த அடி எடுத்து வைக்கும். தொட்ட இடம் பாசி படர்ந்ததாகவோ ஈர மட்காகவோ இருந்தால் மட்டுமே இது நடக்கும். கோடையில் ஓடு போல இறுகிய செம்மண்ணைத் தொட்ட நுனி அப்படியே வறண்டுவிடும். இலையின்மேல் குமிழ்மொட்டு தாங்கும் பெரணிகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நாகநாக்குப் பெரணி என்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் ஆஃபியோகுளோசம், சதைப்பற்றான வேர்களிலேயே மொட்டு விட்டுப் பெருகுகிறது. புல்வெளியின் பொலபொலப்பான மண்ணில் அந்த வேர்கள் கிடைமட்டமாக ஓடும். கால்நடை மிதித்து இறுகிய தடத்தில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

சுண்ணாம்பை விரும்பும் பெரணிகளும் உண்டு. குன்னூரில் பழைய பங்களாக்களின் மதில்களில், சுண்ணாம்புச் சாந்து பூசிய கல்லிடுக்குகளில் மட்டும் வரிசையாக வளரும் அடியாண்டம் கேபில்லஸ்-வெனெரிஸைப் பாருங்கள். அதன் மட்டநிலத்தண்டு சாந்தின் கோடு போகும் வழியே போகிறது, கோடு திரும்பினால் திரும்புகிறது. அதே மதிலைச் சிமெண்டால் பூசிப் புதுப்பித்தபின் அது திரும்பி வருவதைக் காண்பது கடினம். சிமெண்டிலும் சுண்ணாம்பு இருக்கிறதே என்று கேட்கலாம். தண்டு நுழைய அதில் இளக்கமான இடுக்கு இல்லை.

புல்வெளிகளைச் சூழும் பிராக்கன் பெரணியைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டெரிடியம் பேரினத்தைச் சேர்ந்த இதன் தண்டுகள் இரண்டு அடுக்காக ஓடுகின்றன. மேலே ஆழமற்ற கிளைகள் இலைகளைத் தாங்குகின்றன, கீழே அரை மீட்டர் ஆழம் வரை கூடச் செல்லும் தடித்த கிளைகள் மாவுப்பொருளைச் சேமிக்கின்றன. ஆழமான, நீர் வடியும், அமிலச் செம்மண் கிடைத்தால் இதற்கு ஈடு இல்லை. தீ இலையைத்தான் எரிக்கிறது. உறைபனியும் இலையைத்தான் கருக்குகிறது. மண்ணுக்குள் இருக்கும் தண்டு அடுத்த மழைக்கு முஷ்டி மடக்கியது போல இளம் இலைகளை நீட்டிவிடுகிறது. ஆனால் பள்ளத்தாக்கின் அடியில், நீர் தேங்கிக் கருமண்ணாகிய சதுப்பின் விளிம்பை அடைந்ததும் அதன் அணிவகுப்பு நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாத மண்ணில் அந்தத் தண்டு அழுகிவிடுகிறது. எல்லைக்கோடு கிழித்தது போல இந்த இடத்தைக் காட்டலாம். சதுப்பை வடிகால் வெட்டி உலர்த்தினால் பிராக்கனுக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம் என்பதும், மண்வெட்டியால் கொத்தி அங்கேயே புதைந்துவிட்ட தண்டுகளில் மொட்டுள்ள துண்டுகள் தனித்தனியாகத் தழைக்கும் என்பதும் இதிலிருந்து விளங்கும். ஆண்டுக்கு இருமுறை என்று சில ஆண்டுகள் தொடர்ந்து இலைகளை அறுத்து, அடியில் உள்ள சேமிப்பைக் கரைப்பதே நிதானமான வழி. இதன் இலையில் புற்றுநோய் தூண்டும் நச்சு இருப்பதால் மாட்டுக்குத் தீவனமாகப் போட வேண்டாம்.

மண் காய்ந்து கிடக்கும் இடங்களில் வேறொரு தந்திரமும் உண்டு. இங்கே பாறை நிழல்களில் வளரும் டெரிஸ் கிரெட்டிகாவின் புரோதாலஸ், கருவுறுதல் இல்லாமலேயே நேரடியாகப் பெரணியை உண்டாக்கிவிடுகிறது. வில்லியம் ஃபார்லோ என்ற அமெரிக்கத் தாவரவியலர் 1874இல் இந்தப் பெரணியில்தான் அப்போகேமி எனப்படும் இதனை முதலில் கண்டறிந்தார். ஆணணு நீந்துவதற்கு நீர்ப்படலம் தேவையில்லை என்பதால், ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைக்காத கற்பொடி மண்ணிலும் இது பெருக முடிகிறது. இதன் ஸ்போர்கள் தாயின் குரோமோசோம்களை முழுமையாகவே தாங்கி வருகின்றன. அதாவது, ஸ்போரின் வழியே வந்தாலும் இங்கே பிறப்பது நகல்தான். மேலே நான் "பொதுவாக" என்று எழுதியது இதை மனத்தில் கொண்டே.

மண்ணே வேண்டாம் என்று சொல்லும் பெரணியும் நமக்குப் பழக்கமானதே. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சூப்புக்காக விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு உண்மையில் கிழங்கு அல்ல. அது டிரைனேரியா என்ற பெரணியின் ரோமம் மூடிய மட்டநிலத்தண்டு. பாறையையும் மரத்தையும் பற்றி வளரும் அது, அகன்ற பழுப்பு இலைகளைக் கிண்ணம் போல ஏந்தி, விழும் சருகைப் பிடித்து மட்கச் செய்து, தனக்கு வேண்டிய மண்ணைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதன் தண்டு அந்த மட்கின் ஊடேதான் கிளைத்து நகர்கிறது. சூப்புக்காக முழுத் தண்டையும் உரித்து எடுத்துவிட்டால், கிளைக்க எதுவும் மிஞ்சாது. நுனிப்பகுதியையாவது விட்டுவைக்கும்படி வாங்குகிறவர்கள் விற்பவர்களிடம் சொல்லலாம்.

சரிவுகளுக்குத் திரும்புகிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும் கண்டோம். பெரணிப் பாய் மழைத்துளியின் அடியைத் தாங்கும், மேல்மண் கரைந்தோடாமல் பிடிக்கும். அதன் தண்டும் வேரும் இறங்கும் ஆழம் குறைவு. பல அடி ஆழத்தில் நீர் ஊறி மலையே வழுக்கும்போது அது மேலே கிடக்கும் போர்வை மட்டுமே. வடிகாலுக்கும் தடுப்புச் சுவருக்கும் ஈடாகப் பெரணியைச் சொல்வது, நம்பியவர்களைக் கைவிடுவதாகும். அன்பரின் யோசனையில் மரப்பெரணியும் இடம்பெற்றிருந்தது. நம் சோலைகளின் மரப்பெரணிகள் பெரும்பாலும் ஸ்போரை நம்பி, ஓடைக்கரை ஈரத்தில் மெல்ல வளர்பவை. வெட்டுச்சுவரின் களியில் அவற்றைத் துண்டு வைத்துப் பரப்ப முடியாது. அவற்றின் வணிகம் பன்னாட்டு ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் வேண்டுகோள் நடுவதைப் பற்றியதே அல்ல. எங்கள் ஊர்ச் சாலையில், ஒவ்வோர் ஆண்டும் கோடை விழாவுக்கு முன்னதாக, ஓரச் சுவர்களை "சுத்தம்" செய்வதாகச் சொல்லி இயந்திரத்தால் சுரண்டி, பெரணிப் பாயைத் தண்டோடும் மேல்மண்ணோடும் வழித்தெடுக்கிறார்கள். அடுத்த மழைக்குள் வெறுங்களி நிற்கிறது, ஸ்போர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, அந்த இடைவெளியில் சாக்கடை முழுவதும் செம்மண். பார்வையை மறைக்கும் இலைகளை அரிவாளால் ஓர் அடி உயரத்தில் அறுத்துவிட்டு, தரையைத் தொடாமல் விட்டால், தண்டு உயிரோடு இருக்கும், ஒரு பருவத்தில் சுவர் மீண்டும் மூடிக்கொள்ளும். கூடுதல் செலவு எதுவும் இல்லை. இயந்திரத்தின் வாடகை மிச்சம். இந்தக் கோடையில் பணி தொடங்குமுன் இதைச் சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
கோத்தகிரி.